அழுகண்ணிக்கு ஏன் எரு போடுவதில்லை

செடியும் பூச்சியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலை உச்சியில் பத்தே பத்துக் குடிசை உள்ள ஓர் ஊர் இருந்தது. அங்கே பனி என்றால் சும்மா பனி இல்லை, உறைபனி. காலையில் எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடக்கும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் கேப்பை நாற்றை வெளியில் விடுவதே இல்லை. வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றி அகலச் சட்டிகளில் மண்ணைப் பரப்பி, அதில்தான் விதைப்பார்கள். பனி விலகினதும் நாற்றை எடுத்து மேட்டு நிலத்துக் காட்டில் நடுவார்கள்.

அந்த வருஷம் ஒன்பது வீட்டு நாற்றும் செத்துப்போச்சு. கொசுவைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் பூச்சி வந்து ஈரமண்ணில் முட்டை போட்டது. முட்டையிலிருந்து வந்த புழு வேரைத் தின்றது. நாற்று நின்ற நிலையிலேயே சாய்ந்தது. ஊரிலேயே மிச்சம் பூவாயி வீட்டில் இருந்த ஆறு சட்டி நாற்றுதான்.

அவள் புருஷன் மொக்கையன் கையை விரித்துவிட்டான். "இதுவும் போச்சுன்னா கீழே இறங்கிற வேண்டியதுதான் புள்ளே. யார் பண்ணையிலாவது கூலிக்கு நிக்கலாம்."

"நீங்க வேணா இறங்குங்க," என்றாள் பூவாயி. "இந்தக் காட்டுல கிடந்த கல்லையெல்லாம் என் கையால பொறுக்கிப் போட்டிருக்கேன். நான் இறங்கமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அப்படியொரு பிடிவாதக்காரி!

முதலில் பூச்சிகளிடமே போய் நியாயம் கேட்டாள். சட்டி விளிம்பில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த பூச்சிக்கூட்டத்துத் தலைவி சிரித்தாள். "வெளியில குளிரு. இங்க கதகதப்பா இருக்கு, ஈரமும் இருக்கு. நாங்க ஏன் போகணும்? நல்லாருக்கே கதை!"

பூவாயி வேப்பந்தழையைப் போட்டுப் புகை மூட்டினாள். பூச்சி கூரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்றுதான் துவண்டது. தவளையைக் கூட்டிவந்தாள். அது பத்துப் பூச்சியைத் தின்றது, அதற்குள் ஒரு சட்டி நாற்றை மிதித்துத் துவைத்துவிட்டது. "மகராசனா இருப்பே, வீட்டுக்குப் போ," என்று அதை வழியனுப்பினாள். ஆறு சட்டி ஐந்தானது. மறுநாள் இன்னொரு சட்டியின் வேரையும் புழு தின்று நாலானது.

தண்ணீர் எடுக்க ஊற்றுக்குப் போனவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். காலடியில் இருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"தாயி, உங்க வீட்டுல சூடு இருக்காமே? என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

பார்த்தால் சேற்றோடு ஒட்டிக்கிடந்த ஒரு சின்னச் செடி. நாலைந்து சிவந்த இலை, இலை முழுக்க மயிர். அவ்வளவுதான்.

"நீ என்ன வேலை செய்வே?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் பூவாயி.

"ஒரு வேலையும் தெரியாது தாயி. ஆனா சும்மா உட்கார்ந்து திங்கமாட்டேன். இந்தச் சேத்துல சத்தே இல்லை. பிறந்ததிலிருந்து பசி."

பசி என்ற சொல்லைக் கேட்ட பிறகு அதை விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை. தன் கஷ்டத்திலும் அதை வேரோடு அள்ளிக்கொண்டு வந்து, நாலு சட்டிக்கு நடுவில் ஒரு கலயத்தில் நட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவருக்கு வயிறு நிறையப் போடாமல் வீட்டுக்காரி வாயில் தண்ணீர்கூட வைக்கமாட்டாள். வந்தவரும் போட்டதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வீட்டையே அவமானப்படுத்தின மாதிரி. பூவாயி மக்கிய எருவாகப் பார்த்துக் கை நிறைய அள்ளிப் போட்டாள். மேலே கேப்பைக் கூழையும் கரைத்து ஊற்றினாள். "நல்லா சாப்பிடு," என்றாள். செடியும் சரி என்றது.

மறுநாளும் போட்டாள். அதற்கு அடுத்த நாளும் போட்டாள். செடியின் இலை நுனி கறுத்தது. ஐயோ, இன்னும் பசி ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு கை சேர்த்துப் போட்டாள். பாவி மகள், அன்பாலேயே அதைக் கொன்றுகொண்டிருந்தாள்.

சேற்றையே பார்த்து வளர்ந்த வேருக்கு எரு நெருப்பாகக் காந்தியது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாலாம் நாள் காலையில் செடி தாங்கமுடியாமல் அழுதது. கண்ணா இருக்கிறது அழ? இலையில் இருந்த மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி கசிந்து நின்றது. அடக்கி அடக்கி வைத்த அழுகை அல்லவா, பிசின் போலக் கெட்டியாக இருந்தது.

பூச்சித்தலைவி பார்த்தாள். "அடடே, விருந்தாளி தேன் வச்சிருக்கா!" என்று பறந்து போய் இலையில் உட்கார்ந்தாள். கால் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள், இறக்கையும் ஒட்டியது. "விடுடி!" என்று கத்தினாள். கத்தலைக் கேட்டு வந்த நாலு பூச்சியும் ஒட்டிக்கொண்டன. வலியில் சுருண்ட இலை அவர்கள் மேலேயே மடிந்தது. கொஞ்ச நேரத்தில் பூச்சிகளின் சாறு செடிக்குள் இறங்கியது. பிறந்தது முதல் இருந்த பசி அப்போதுதான் அடங்கியது.

அழுத செடி பூச்சியைத் தின்று தெளிந்ததைப் பார்த்ததும், இத்தனை நாளும் எருதான் அதை எரித்தது என்று பூவாயிக்குப் புரிந்தது; தலையில் கை வைத்தாள். "எரு ஒத்துக்கலைன்னு ஏண்டி சொல்லலை?"

"நீ ஆசையாப் போட்டதை எப்படித் தாயி வேண்டாங்கிறது? இனிமே எனக்கு ஒண்ணும் போடாதே. சேறும் மழைத்தண்ணியும் போதும். நான் பிடிச்சதையே தின்னுக்கிறேன்."

பூவாயி அப்போதே அதைப் பிடுங்கி, மழைத்தண்ணீரில் வேரை அலசி, வெறும் ஊற்றுச் சேற்றில் நட்டாள். ஊற்றுக்கு ஓடிப்போய் அதன் தங்கைமார் அத்தனை பேரையும் அள்ளிவந்து சட்டிக்குச் சட்டி இடையில் வைத்தாள்.

செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு ஒச்சம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள். "என்ன மதினி இது? வந்த விருந்தைப் பட்டினி போடுறியாமே! இந்த வீடு விளங்குமா?"

மொக்கையனுக்கும் கேவலமாக இருந்தது. "ஒரு வாய் கூழாவது ஊத்து புள்ளே. ஊரு சிரிக்குது," என்று கெஞ்சினான்.

பூவாயிக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. வந்தவரைப் பார்க்க வைத்துத் தின்ற குடும்பம் அவளுடையது இல்லை. ஆனாலும் கூழ்ப்பானையை எடுத்து உறிமேல் வைத்தாள். "சிரிக்கட்டும். என் மானம் போனாப் போகுது. அதுக்கு வேண்டியதைத்தான் கொடுப்பேன். நான் நல்லவள்னு பேர் வாங்க அதைச் சாகடிக்கமாட்டேன்."

பனி விலக இன்னும் இருபது நாள் இருந்தது. இருபது நாளும் அவள் எருக்கூடைப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. நாள் போகப்போகச் சட்டி மேல் பறந்த பூச்சி குறைந்தது. இருந்த புழுவெல்லாம் இறக்கை முளைத்து எழும்போதே இலையில் ஒட்டியது. புதிதாக முட்டை போட ஆள் இல்லை. நாலு சட்டி நாற்றும் நிமிர்ந்து நின்றது.

வெயில் வந்த அன்று பூவாயி அந்த நாற்றைப் பத்து வீட்டுக்கும் பங்கு வைத்தாள். ஒச்சம்மா மடி நிறைய வாங்கிக்கொண்டாள். பிறகு வீட்டுக்குள் எட்டிப்பார்த்து, "அதுக்கு மழைத்தண்ணி இருக்கா மதினி, நான் கொண்டாரட்டா?" என்று கேட்டாள். ஒருத்தரும் மலையைவிட்டு இறங்கவில்லை.

அன்றிலிருந்துதான் அந்தச் செடி அழுகண்ணி என்று பேர் வாங்கி, இலை நுனியில் துளியோடு நிற்கிறது, எருவைக் கண்டால் கருகுகிறது. வீட்டுக்குள் நாற்று வளர்க்கிறவர்களும் அதை நடுவில் வைத்து, மழைத்தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, அள்ளிப் போடத் துடிக்கிற கையை மடக்கிக்கொள்கிறார்கள்.