பொட்டு வைத்த ஏணி

ஓவியர் சித்தரஞ்சன் தன் கண்காட்சியின் நடுவில் ஒரு பழைய ஏணியை நிறுத்திவைத்திருந்தார். "நேத்து வரைக்கும் இது வெறும் ஏணி. நான் கலைன்னு சொன்னேன், கலையாயிடுச்சு!" என்று நிருபர்களிடம் முழங்கியும் இருந்தார்.

மறுநாள் ஆயுத பூஜை. கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் தவமணி விளக்குமாறு, வாளி என ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம் வைத்தாள். ஏணிக்கும் வைத்துப் பூவும் சுற்றினாள்.

திறப்பு விழாவுக்கு வந்த சித்தரஞ்சன் பதறிப்போனார். "நாசம் பண்ணிட்டியே! அமைச்சர் வந்துக்கிட்டிருக்கார். அவர் வர்றதுக்குள்ள இது பழையபடி கலையாகணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது!"

சத்தம் கேட்டு நிருபர்கள் கேமராவோடு ஓடிவந்தார்கள். தவமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கென்ன சார், இன்னொரு தடவை சொல்லிடுங்க."

"என்னத்த?"

"கலைன்னுதான். நேத்து சொன்னதும் ஆயிடுச்சே?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தரஞ்சன் கைக்குட்டையை உருவிக்கொண்டு ஏணியிடம் பாய்ந்தார். இத்தனை கேமராவுக்கு முன்னால் பூஜைப் பொட்டை அழிக்கக் கை வரவில்லை.

அதற்குள் அமைச்சர் உள்ளே வந்துவிட்டார். ஏணியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"எந்தக் கோயில் ஏணி இது?" என்றார்.