தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி

கடலோரத்து ஊர் ஒன்றில் பூரணம் என்றொருத்தி நாட்டு வைத்தியம் பார்த்து வந்தாள். அவளிடம் தொழில் கற்க வந்தவள் முத்துப்பேச்சி. இரண்டு பேரில் சிஷ்யைக்குத்தான் வயது கூட. அதனால் குரு அவளை அக்கா என்பாள். இவள் குருவைத் தாயி என்பாள்.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. அடுப்பிலிருந்து இறக்கின கஷாயத்தைச் சிஷ்யைதான் முதலில் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்து அப்படித்தான் மனசில் ஏறும்.

ஒருநாள் காலை முத்துப்பேச்சி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"தாயி, எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. முன்னாடி ரெண்டு தங்கலை. இதையாவது தங்க வைக்க என்ன செய்யணும்?"

பூரணம் அம்மியிலிருந்து தலை நிமிரவில்லை. கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை, புருஷன் தோணியில் போயிருக்கிறான், தை பிறந்துதான் வருவான் என்றாள் முத்துப்பேச்சி.

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"போன தடவை தெருவுக்கே சொன்னா. அப்புறம் அதே தெரு துக்கம் கேக்க வந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி மாளலை. இந்தத் தடவை மூணு மாசம் கழியட்டும்னு வாயைக் கட்டிக்கிட்டா."

கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன்னே, கொஞ்சம் பொரி மெல்லச் சொல்லு, குமட்டல் அடங்கும் என்று தொடங்கினாள் பூரணம். வயிறு காயவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். கீரையை விடக் கூடாது. கனம் தூக்கக் கூடாது.

"கைக்குக் கிடைச்ச மருந்தை வாயில வைக்கக் கூடாது. உதிரம் பட்டாலோ வயிறு வலிச்சாலோ எந்நேரமானாலும் இங்க வந்துரணும்."

சொல்லிவிட்டு எழுந்து வந்து கரண்டியை வாங்கினாள். அன்றைய கஷாயத்தைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் உலக்கையையும் வாங்கிக்கொண்டாள். முத்துப்பேச்சிக்கு முகம் வாடிவிட்டது. இந்த வேலையும் இல்லையென்றால் அந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"நான் என்ன தப்புப் பண்ணேன் தாயி?"

"ஒரு தப்பும் இல்லக்கா. என் நாக்கு மழுங்கிப் போச்சு. கொஞ்ச நாள் தீட்டிக்கிறேன்."

சாயங்காலம் கிளம்பும்போது, அந்தப் பொண்ணுக்கு என்று ஒரு துணி முடிச்சைக் கொடுத்தாள். பொரி. அதன்பிறகு தினமும் கொடுத்தாள். முத்துப்பேச்சி அதைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பாள். விடியுமுன் எழுந்திருக்காமலே ஒவ்வொன்றாக மெல்லுவாள். அவள் வீட்டுக்குள் கேட்கும் சத்தம் அது ஒன்றுதான்.

பொரி எப்படி இருந்ததாம் என்று ஒருநாள் பூரணம் கேட்டாள்.

"உப்புக் கம்மியாம்."

"வாய் நீளம்தான் அவளுக்கு."

அன்றைய முடிச்சில் உப்புத் தூக்கலாக இருந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வைத்தியத்துக்கு ஒருவரும் வரவில்லை. முத்துப்பேச்சி வாசல் நிலையில் சாய்ந்து, கடல் இருக்கும் திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, அந்தப் பொண்ணு பயப்படுறா."

"வலிக்குதா?"

"இல்ல."

"உதிரம்?"

"இல்ல. சும்மாவே பயப்படுறா. வயித்துல கையை வச்சுக்கிட்டு முழிச்சே கிடக்கா. அதுக்கு மருந்து உண்டா?"

பூரணம் அரைப்பதை நிறுத்தினாள். கையைக் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மருந்து இல்லக்கா. அவகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ கேட்ட நாள்லேர்ந்து, இங்கயும் ஒருத்தி அவளோட சேர்ந்து பயந்துக்கிட்டுத்தான் இருக்கா."