கேபினெட்டோடு இலவசம்

நம்பினால் நம்புங்கள், பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டக் கற்றுக்கொடுக்கும் மடம் ஒன்று இருந்தது. அங்கே விடியலில் மணி அடிக்க மாட்டார்கள். எல்லா ஃபேன்களையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். அந்தக் காற்றில் பறந்த சீடர்களின் தோள்துண்டுகள் பக்கத்து மாவட்டத்தில் போய் விழும்.

குருவின் பெயர் மங்களேஸ்வரி. அதிகம் பேச மாட்டார். பேசுகிற வேலையெல்லாம் மூத்த சீடர் தனுஷ்கோடி பார்த்துக்கொண்டார். வாசலில் நாற்காலி போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் யோசனை சொல்வார்.

"எஸ்.எம்.பி.எஸ். தனியா எதுக்கு? கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற டப்பாதானே! வெளிக்கூடு கேபினெட்டோட இலவசமா ஒண்ணு வருது, அதையே போடுங்க. கண்ணாடி வச்சு, கலர் லைட் எரியற கேபினெட்டா பாத்து வாங்குங்க. வீட்டுக்கு வர்றவன் அசந்துடணும்."

வந்தவர்கள் முகம் மலர்ந்து, அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் சவரிமுத்து வந்தார். கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவர். கையில் கருகிய கம்ப்யூட்டர்.

"இந்த அண்ணன் சொன்ன இலவச டப்பா வெடிச்சிடுச்சும்மா. ஹார்ட் டிஸ்க்கையும் சேத்துக் கொண்டுபோயிடுச்சு. அதுல ஒரு கல்யாணம் இருக்கு. தாலி கட்டின மறுவாரமே பொண்ணோட அப்பா தவறிட்டாரு. அவர் சிரிச்சுப் பேசுற படம் அது ஒண்ணுதான்."

"கேமரா கார்டு?"

"அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சுட்டேன். நாளைக்கு அந்தப் பொண்ணு வாங்க வருது."

குரு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார். முகர்ந்து பார்த்தார். வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வராது."

"அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னம்மா சொல்றது?"

குரு மூத்த சீடர் பக்கம் திரும்பினார். தனுஷ்கோடி தொண்டையைச் செருமினார்.

"குருவம்மா, நான் ஒரு யோசனைதான் சொன்னேன். கேக்கிறதும் விடுறதும் அவர் இஷ்டம். இதுல என் தப்பு எங்க இருக்கு?"

"உன் கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டு வா."

கொண்டுவந்தார். சாதாரணத் தகர கேபினெட். லைட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. குரு பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே செங்கல் கனத்தில் ஒரு எஸ்.எம்.பி.எஸ்., தேர்ந்தெடுத்துத் தனியாக வாங்கியது.

சவரிமுத்து குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இதுவும் கேபினெட்டோட வந்ததா?"

"இது... எப்பவோ வாங்கினது."

"போன மாசம்னு ஸ்டிக்கர் சொல்லுதே அண்ணே."

தனுஷ்கோடி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குருவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க குருவம்மா. தனியா நல்லதா வாங்குன்னு சொன்னா முகம் சுருங்கிடுது. இலவசம்னு சொல்ற ஆளைத் தேடிப் போயிடறாங்க. நல்ல யோசனையை யார் கேக்கிறாங்க?"

குரு, கழற்றிய திருகுகளை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ கேட்டிருக்கியே."