குரங்குக்கு ஏன் அந்த அழுமூஞ்சி?

மிருகங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், குரங்கின் நெற்றியில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. பனங்காய் மாதிரி வழவழவென்று இருக்கும். அதிலும் துள்ளாயி என்றொரு குரங்கு இருந்தாள் பாருங்கள், அவள் வாலை ஆட்டினாலே காடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

அந்த வருஷ வெள்ளத்தில் யானையக்காவின் குட்டி போய்விட்டது. காடே வந்து துக்கம் விசாரித்தும், ஆறு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட அவள் பல்லில் படவில்லை. இன்னும் ஒரு நாள் தாங்கினால் அதிசயம். "எப்படியாவது அவளைச் சிரிக்க வை, துள்ளாயி" என்று யானைக் கூட்டம் வந்து கெஞ்சியது.

துள்ளாயி போனாள். கரணம் போட்டாள். தன் வாலே தடுக்கி விழுந்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாம் முயல் செய்த வேலை. "ஊரைச் சிரிக்க வைக்கிறவளுக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சோகமோ!" என்று அது காடெல்லாம் போய்ச் சொல்லி வைத்திருந்தது. அதற்கு வேறு பிழைப்பே கிடையாது.

சிரிக்க வேண்டியவர்கள் வரிசையாக வந்து துள்ளாயியிடமே துக்கம் விசாரித்தார்கள். கரடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சுக்காதே தாயி, அழுதுடு" என்றது.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே."

"பாத்தீங்களா, மறைக்கிறா!" என்று உச்சுக் கொட்டியது முயல்.

துள்ளாயிக்கு வந்ததே கோபம்! "போன மாசம் என் தங்கச்சி செத்தப்ப வாய்விட்டு அழுதேனே, அப்ப எங்க போனீங்க? அழற அன்னைக்கு அழுவேன். இன்னைக்குச் சிரிக்க வைக்க வந்திருக்கேன். தள்ளுங்க!"

அதோடு விட்டாளா? நெற்றியைச் சுருக்கினாள். உதட்டைத் தொங்கப்போட்டாள். தலையை ஆட்டி ஆட்டி உச்சுக் கொட்டினாள். அச்சு அசல் கரடி! அடுத்து முயல்!

யானையக்கா நிமிர்ந்தாள். "அடியே, ஆறு நாளா இந்த மூஞ்சிங்களைத்தானடி பாத்துக்கிட்டிருக்கேன்!" என்று காடு அதிரச் சிரித்தாள். சிரிப்போடு குட்டியை நினைத்து அழுகையும் வந்தது. அழுதபடியே ஆற்றில் தும்பிக்கையை விட்டு உறிஞ்சினாள். கூட்டம் பிளிறிக்கொண்டு ஓடி வந்தது. துள்ளாயியைத் தூக்கித் தலைமேல் உட்கார வைத்துக் காட்டையே சுற்றி வந்தார்கள். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று எல்லாரும் கேட்கக் கேட்க, பொழுது சாயும்வரை அந்த முகத்தையே காட்டினாள். அது அப்படியே நின்றுவிட்டது.

அன்று விழுந்த சுருக்கம்தான் இன்றைக்கும் குரங்கின் நெற்றியில் இருக்கிறது. 'பாவம், உள்ளுக்குள்ளே என்ன சோகமோ' என்று நாம் அதை உற்றுப் பார்க்கும்போதெல்லாம், அது நம்மைத்தான் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது.