செம்பாயி ஊத்துன தண்ணி

ஒரு ஊர்ல ஒரு செம்பாயி இருந்தாளாம். அவளுக்கு இருந்தது முப்பது எலுமிச்சைச் செடி. அவ புருஷன் சாகுறதுக்கு முந்தின வருஷம் தன் கையால வச்சது. "இது காய்ச்சா உனக்குக் கவலையில்ல"ன்னு சொல்லிட்டுப் போய்ச் சேர்ந்துட்டான். புள்ளைகுட்டி கிடையாது. அந்தச் செடிங்கதான் அவளுக்கு எல்லாம். ம் கொட்டு, அப்பத்தான் கதை நகரும்.

அப்புறம் கிணறு வத்திப்போச்சு. போர் போட்டா. டுர்ர்ர்னு மோட்டார் ஓட, குபுகுபுன்னு தண்ணி வந்துச்சு. கொஞ்சம் கரிச்சுது. போர் தண்ணின்னா அப்படித்தான்னு விட்டுட்டா. நாலு மாசத்துல இலை ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி கருகுச்சு. அய்யோ, தாகம் போலன்னு இன்னும் கூட ஊத்தினா.

பக்கத்துக் காட்டு ராமாத்தா சொன்னா, "மண்ணை விவசாய ஆபீசுல கொடு செம்பாயி, சோதிச்சுச் சொல்வாங்க."

சரின்னு போனா. ஆனா செடியடி மண்ணு வெளுத்துக் கெடந்துச்சா, இதையா படிச்சவங்களுக்கு அனுப்புறதுன்னு அவளுக்குக் கூச்சம். விருந்தாளி வந்தா கிழிஞ்ச பாயை ஒளிச்சு வைப்போமில்ல, அந்த மாதிரி. எருக்குழி ஓரத்துல கருகருன்னு இருந்த மண்ணை அள்ளிக் கொடுத்துட்டா, பைத்தியக்காரி! "மண்ணு நல்லாருக்கு"ன்னு பதில் வந்துச்சு.

அப்போ இலை பொலபொலன்னு கொட்டுச்சு. "தண்ணியையும் கொடுத்துப் பாரு"ன்னா ராமாத்தா. போர் தண்ணி கலங்கலா இருக்கேன்னு, தெருக்குழாயில வர்ற குடிதண்ணியைப் பளிச்சுன்னு பாட்டில்ல புடிச்சுக் கொடுத்தா. "தண்ணியும் நல்லாருக்கு"ன்னு சீட்டு வந்துச்சு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கல. காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், சளசளன்னு பாய்ச்சினா. ம்? முழிச்சிருக்கியா?

அப்புறம் மூணாவது தடவை, செடி இன்னும் காயுதேன்னு ஆபீசுல இருந்து தேன்மொழின்னு ஒரு பொண்ணு நேர்லயே வந்தா. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டா. அதே தண்ணியில பாட்டிலை அலசிட்டுப் புடிச்சா. கையில இருந்த சின்ன மீட்டரை முக்கிப் பார்த்தா. மூஞ்சி மாறிப்போச்சு.

"அம்மா, அன்னிக்குக் கொடுத்தது இந்தத் தண்ணியா?"

"இல்லீங்க. ஆபீசுக்குப் போறதாச்சேன்னு நல்ல தண்ணியாப் பார்த்துக் கொடுத்தேன்."

அந்தப் பொண்ணுக்குத் திட்டவும் மனசு வரல. வரப்புல உக்காந்துட்டா. "இது உப்பும்மா. எலுமிச்சை தாங்காது. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா..."

"முடிச்சுச் சொல்லு தாயீ."

"பொழைச்சிருக்கும்மா."

செம்பாயி போய் மோட்டாரை நிறுத்தினா. ஒவ்வொரு செடியா போய்த் தொட்டுப் பார்த்தா. கிளையெல்லாம் படக்கு படக்குன்னு ஒடிஞ்சுது. முப்பதுல ஒண்ணுகூடப் பச்சையில்ல. கடைசிச் செடியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா.

"தாகம்னுதானேடா நெனச்சேன். வேண்டாம் வேண்டாம்னு ஒவ்வொரு இலையா உதிர்த்துச் சொன்னியே. நான் உன்னைக் கேக்காம, ஊத்திக்கிட்டே இருந்துட்டேனே."

ம்ஹும், பொழைக்கல கண்ணு. எல்லாக் கதையிலயும் பொழைக்குமா என்ன? அவ அழுது முடிக்கட்டும். கதை இம்புட்டுத்தான், நீ கண்ணை மூடு.