கல் சாய்ந்த பக்கம்

வெகு காலத்துக்கு முன்னால் செங்கரை நாட்டைக் கீர்த்திவளவன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட ஆட்டி வைத்தான் என்பதே சரி. காலையில் ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது ஆணையாகிவிடும்.

ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில், கரட்டுக் குன்றின் உச்சியில் வெள்ளைக்கல் ஒன்று தலைநீட்டி நிற்பதையும் அதில் பொன் மின்னுவதையும் பார்த்தான். "இது பூமிக்குள் எவ்வளவு தூரம் ஓடும்?" என்றான்.

பொக்கிஷ அதிகாரி வித்தகராயர் முந்திக்கொண்டார். "மேலே ஒரு முழம் தெரிந்தால் கீழே ஆயிரம் முழம், மகாராஜா. சாஸ்திரம் அப்படி. இது மேற்கே ஊசிக்குளம் ஊருக்கு அடியில் ஓடுகிறது. ஊரைக் காலி செய்துவிட்டுத் தோண்டலாம்."

போன கோடையில் ராயரின் மாந்தோப்புக்குக் குளத்துத் தண்ணீர் தர முடியாது என்று சொன்ன ஊர் அது. சாஸ்திரம் பிறந்தது அங்கேதான்.

மூன்று நாளில் ஊர் காலியாக வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். இது ராயரின் வேலை என்று அந்த ஊரில் கிணறு வெட்டுகிற காவாயிக்குத் தெரிந்தது. பிறந்த வீட்டை விட்டுப் போகச் சொல்கிறவன், ஒரு குழிக்குள்கூட இறங்கிப் பார்க்காதவன். மறுநாள் கடப்பாரையோடு நேரே சபைக்குள் போனாள்.

"ராயரு சொன்னது அத்தனையும் சரிங்க சாமி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "கீழ ஆயிரம் முழம்னு முத்திரை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. எந்தப் பக்கம் போகுதுன்னு நான் காட்டறேன்."

ராயர் பெருமையோடு முத்திரை குத்தினார். எல்லோரும் கரட்டுக்குப் போனார்கள். கிணற்றுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டைக் காவாயி கல்லின் தலையிலிருந்து தொங்கவிட்டாள். நூல் நேராக நின்றது. கல்லோ கீழே போகப் போக நூலை விட்டு விலகிக் கிழக்கே சரிந்தது.

"சாயற பக்கந்தாங்க கல்லு உள்ள போகும். கெழக்க யாரு ஊடு இருக்குது?"

கிழக்கே கரட்டடியில் ராயரின் நாலுகட்டு மாளிகை இருந்தது.

"இடியுங்கள்" என்றான் ராஜா.

ராயர் தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா, மேலே தெரிவதை வைத்துக் கீழே இருப்பதை யாரால் சொல்ல முடியும்? நாலு முழத்தில் நின்றாலும் நின்றுவிடும்."

"ஊசிக்குளத்துக்கு அடியில் மட்டும் நிற்காதோ?" ராஜாவின் முகம் சிவந்தது. கடப்பாரையை ராயர் கையில் கொடுத்து அங்கேயே தோண்டச் சொன்னான். மூன்றாவது முழத்தில் வெள்ளைக்கல் தீர்ந்துபோனது. அதற்குக் கீழே வெறும் கருங்கல்.

ராஜா தன் தங்கக் காப்பைக் கழற்றி நீட்டினான். காவாயி வாங்கவில்லை.

"எங்கூருல ரெண்டு நாளா அடுப்பெரியலீங்க. கேட்டதும் நம்புனது நீங்க. ஊரக் காலி பண்ண வேண்டாம்னு அதே தண்டோராவ மறுபடி அடிக்கச் சொல்லுங்க, ராயரு கையால."

ராஜா தலைகுனிந்து சம்மதித்தான். அன்று மாலை ஊசிக்குளத்தில் வித்தகராயர் கழுத்தில் பறையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். "கீழே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். காவாயி கடைசித் தெரு வரைக்கும் கூடவே போனாள். அவர் குரல் இறங்கிய இடத்திலெல்லாம் இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.