காளிங்கன் விற்ற கோழிகள்

“அவனை என்ன செய்யட்டும், சாமியம்மா?” என்று கேட்டாள் மயிலாத்தாள்.

சாமியம்மா ஏரிக்கரையில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். மயிலாத்தாளைவிட வயதில் இளையவள். ஆனாலும் அவள் சொல்லும் ஒரு சொல்லுக்காக மயிலாத்தாள் வெள்ளிதோறும் வயல் தாண்டி வருவாள். குடிசையைக் கூட்டிப் பெருக்குவாள். பிறகு எட்ட உட்கார்ந்திருப்பாள். சில வெள்ளிகளில் அந்த ஒரு சொல்லும் கிடைக்காது.

“எவரை, அக்கா?”

“கோழி வித்தானே, காளிங்கன். அவனைத்தானுங்க.”

ஏரியின்மேல் பனி படுத்திருந்தது. நாணல் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“சந்தையில வாங்கினேன். ‘பாருங்கக்கா, எப்படி நிக்குதுன்னு’ன்னான். நின்னுச்சு. நம்பிட்டேன்.”

அந்தப் பக்கத்தில் புதுக்கோழியைப் பகலில் கூட்டுக்குள் விடமாட்டார்கள். பழைய கோழிகள் கொத்திவிடும். இருட்டி, அவை கண் செருகியிருக்கும்போது கூட்டுக்குள் கையை விட்டு, இரண்டு பழைய கோழிகளுக்கு நடுவே ஒரு புதுக்கோழியை மெல்ல நுழைத்துவிடுவார்கள். மூன்றும் ஒன்றின் சூட்டில் ஒன்று ஒட்டிக்கொண்டு தூங்கும். விடிந்ததும் எது பழசு, எது புதுசு என்பது கோழிகளுக்கே மறந்துபோயிருக்கும்.

மயிலாத்தாளும் அப்படித்தான் செய்தாள்.

“முதல்ல புதுசுங்க கண்ணை மூடிக்கிட்டு ஒடுங்குச்சு. பச்சையும் வெள்ளையுமாக் கழிஞ்சுது. அப்புறம் எங்கூட்டுக் கோழிங்க. கழுத்தைத் திருகிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வருதுங்க, சாமியம்மா. என்னைப் பார்க்கத்தான் திரும்புது. பார்க்க முடியலை.”

“எல்லாம் போயிடுச்சா?”

“கொஞ்சம் நிக்குது.”

சாமியம்மா கீரையை உதறினாள். நீர்த்துளிகள் பனிக்குள் போய் விழுந்தன. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

“முட்டை வித்துத்தான் என் அடுப்பு எரியுது. நாளைக்குச் சந்தை. நடுச்சந்தையில நின்னு, அவன் பேரைச் சொல்லி, மண்ணை வாரித் தூத்தப்போறேன். அப்புறம் அவன்கிட்ட எவ கோழி வாங்குறான்னு பார்க்கிறேன்.”

“தூத்துங்க” என்றாள் சாமியம்மா.

மயிலாத்தாள் திகைத்துப்போனாள். ‘பொறுத்துக்கொள்’ என்றுதான் வரும் என நினைத்திருந்தாள். அதற்கு ஒரு பதிலும் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இப்போது அந்தப் பதிலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சாமியம்மா கூடையிலிருந்த கீரையைத் தன் முந்தானையில் கொட்டிக்கொண்டு கூடையை நீட்டினாள்.

“இதைக் கொண்டுபோங்க. உங்க வீட்டுக் கூடை வேண்டாம், அதுல கோழி இருந்திருக்கும். இதைக் காளிங்கன் பக்கத்துல வெச்சுட்டு உட்காருங்க. கேட்டவங்களுக்குக் கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க. அவர் பேரை எடுக்க வேண்டாம். வெயில் வந்தப்புறமும் தூத்தணும்னு இருந்தா, தூத்துங்க.”

“வெறுங்கூடையை வெச்சுக்கிட்டா?”

சாமியம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் சந்தை முழுவதும் பனிக்குள் இருந்தது.

ஆட்கள் குரலாக வந்தார்கள். பிறகு காலாக வந்தார்கள். முகம் கடைசியில்தான் வந்தது. சேவல்கள் எங்கெங்கோ கூவின. ஒரு வெள்ளை இறகு மிதந்துவந்து, கீழே இறங்க மனமில்லாததுபோல நின்றது.

காளிங்கன் வழக்கமான இடத்தில், புளியமரத்தடியில், இரண்டு கூண்டுகளோடு இருந்தான். அவளைப் பார்த்ததும் சாக்கை இழுத்துப்போட்டு இடம் ஒதுக்கினான்.

“வாங்கக்கா. கோழியெல்லாம் நல்லா முட்டையிடுதுங்களா?”

கேட்டுவிட்டான். பதில் சொல்லவேண்டும்.

“செத்துப்போச்சு” என்றாள்.

காளிங்கன் கூண்டின் கதவைச் சரிபார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிபார்த்தான். அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவில்லை.

எதிரே கடலை வறுக்கும் தங்காயி எட்டிப் பார்த்தாள்.

“கூடையில என்னக்கா, பனியா? படி என்ன விலை?”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாததை விக்கவா இத்தனை தூரம் நடந்து வந்தீங்க? எங்க வீட்டுக்காரர் தினமும் அதைத்தான் கொண்டாந்து தர்றார்.”

பனிக்குள் யாரோ சிரித்தார்கள். மயிலாத்தாளுக்கும் உதட்டோரம் அசைந்தது. உடனே இறுக்கிக்கொண்டாள். சிரிக்கவா வந்தாள்?

சைக்கிள் ஒன்று அருகில் வந்து நின்றது. பின்னால் இரண்டு பக்கமும் கூண்டு. கழுத்தில் மப்ளர் சுற்றிய வியாபாரி காலை ஊன்றிக்கொண்டு குனிந்தார்.

“கூடை காலியா இருக்குதே, அம்மிணி. வித்துத் தீர்ந்துபோச்சா?”

“செத்துத் தீர்ந்துபோச்சு.”

“எதுல?”

“கழிச்சல்.”

காளிங்கனின் முதுகு அசையாமல் இருந்தது. அடுத்த கேள்வி ‘எங்கே வாங்கினது’ என்றுதான் வரும் என்று அவள் காத்திருந்தாள். பேர் சொல்லத்தானே கூடாது, விரலை நீட்டலாமே என்றுகூட நினைத்தாள்.

வியாபாரி அதைக் கேட்கவில்லை. குரலைத் தணித்தார்.

“வீட்டுல ஏதாச்சும் நிக்குதா?”

“கொஞ்சம்.”

“நல்லா நிக்குதா?”

“இன்னைக்கு நிக்குது.”

“அது போதுமே. மொத்தமா நான் எடுத்துக்கிறேன். யாருக்கும் சொல்ல வேண்டாம். மலைமேல ஊருங்க இருக்குது. அங்கிருந்து ஒருத்தரும் இறங்கிவந்து கேக்கமாட்டாங்க. நிக்கிற கோழியை நிக்குதுன்னு சொன்னா அது பொய்யா, அம்மிணி?”

மயிலாத்தாள் வெறுங்கூடையைப் பார்த்தாள். நிற்பவையும் போய்விட்டால் கூடும் இப்படித்தான் இருக்கும். அவற்றைக் கொடுத்தால் புதுக்குஞ்சு வாங்கலாம். தை பிறப்பதற்குள் முற்றத்தில் மறுபடியும் சத்தம் கேட்கும்.

“சாயங்காலம் வரட்டுங்களா?”

“வாங்க” என்றாள்.

வீட்டுக்கு வழி சொன்னாள். சொன்னது தன் குரல்தானா என்று இருந்தது. சைக்கிள் பனிக்குள் போனது. முதலில் மப்ளர் மறைந்தது. பிறகு கூண்டுகள். பிறகு பெடல் கிறீச்சிடும் சத்தம் மட்டும்.

அவள் திரும்பினாள். காளிங்கன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முகத்தில் ஏளனம் இல்லை. ஒரே பேருந்துக்குக் காத்திருக்கும் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். சாக்கில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகூட உட்கார்ந்தான்.

மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மலைமேல் ஒரு ஊர். அங்கே இதைவிடத் தடித்த பனி. யாரோ ஒருத்தி, முகம் தெரியவில்லை, கூட்டின் கதவைத் திறக்கிறாள். தூங்கும் கோழிகளை எழுப்பிவிடக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொள்கிறாள். இரண்டு கோழிகளுக்கு நடுவே விரல்களால் இடம் உண்டாக்குகிறாள். இறகின் சூடு அவள் புறங்கையில் படுகிறது. புதுக்கோழியை நுழைக்கிறாள். ஒருமுறை தடவிக்கொடுக்கிறாள். அது பழகிய கையென்று நம்பிக் கண்ணை மூடுகிறது.

அந்தச் சூடு மயிலாத்தாளின் புறங்கையில் பட்டது.

அவள் எழுந்தாள். கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கத்தரிக்காய்க் குவியல் ஒன்று காலில் இடறிச் சரிந்தது. “கண்ணு தெரியலையா உனக்கு?” என்று ஒரு குரல் திட்டியது. தெரியவில்லைதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. சைக்கிளின் சத்தம் இடது பக்கம் கேட்டது. பிறகு வலது பக்கம். பிறகு கேட்கவே இல்லை.

நின்ற இடம் நடுச்சந்தை என்று காலடியில் இருந்த கல்மேடை சொன்னது. அதன்மேல் ஏறினாள்.

“சைக்கிள்காரரே” என்று கூப்பிட்டாள். “சாயங்காலம் வர வேண்டாம். எங்கூட்டுக் கோழிக்குக் கழிச்சல். நிக்கிற கோழிக்கும் இருக்கும். யாரும் வாங்காதீங்க. மேலக்காட்டு மயிலாத்தாள் சொல்றேன்.”

சந்தையில் பேச்சு நின்றது. தராசுத் தட்டுகள் மட்டும் எங்கோ ஆடி ஓய்ந்தன. சைக்கிள்காரர் கேட்டாரா, அதற்குள் ஊரைத் தாண்டிவிட்டாரா, தெரியவில்லை.

நெடுநேரம் கழித்து, அவள் விட்டுவந்த புளியமரத்துப் பக்கமிருந்து, பனிக்குள்ளிருந்து, காளிங்கனின் குரல் வந்தது.

“எங்கோழிக்கும்.”